கூடத்துக்கு வந்த அடுப்பு

லட்சுமியம்மாளின் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு கள்ளக்குறிச்சி டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை வருஷமா பீடிப் பழக்கம்?" என்பது.

லட்சுமியம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு இருமலாக மாறியது. அவள் இருமி முடிப்பதற்குள் டாக்டர் மருந்துச் சீட்டில் பாதி எழுதிவிட்டார். பக்கத்தில் நின்றிருந்த மருமகள் செந்தமிழ்ச்செல்விதான் பதில் சொன்னாள்.

"பீடியெல்லாம் கெடையாதுங்க. அடுப்புப் பொகைங்க. கல்யாணமாகி வந்ததுல இருந்து அதுலதான் வெந்துக்கினு இருக்காங்க."

"அப்படின்னா இனிமே பொகை இருக்கற இடத்துக்கே போகக்கூடாது," என்றார் டாக்டர்.

நைனார்பாளையத்துக்குத் திரும்பும் பஸ்ஸில் லட்சுமியம்மாள் அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தாள். "பொகையாண்ட போவக் கூடாதாமே. அப்ப சோறு யாரு, அந்த டாக்டரா வந்து ஆக்குவாரு?" வீட்டு வாசலில் அவள் புருஷன் பூமாலை நின்றிருந்தார். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. "களை எடுக்கற ஆளுங்க காத்துக்கினு இருக்குதுங்க. இவ்ளோ நேரமா?" என்றார். லட்சுமியம்மாள் மாத்திரைப் பையை ஆணியில் மாட்டிவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போய் அடுப்பைப் பற்ற வைத்தாள். செல்வி அன்றைக்குச் சாப்பிடவில்லை. பசி இல்லை என்று சொன்னாள். வயிறு முழுக்கக் கோபம்தான் இருந்தது என்று பிறகு என்னிடம் சொன்னாள். நான் அவளுக்கு எதிர் வீடு.

அந்த அடுப்படி எப்படி இருந்தது என்று சொன்னால்தான் மற்றதெல்லாம் புரியும். பூமாலைக்கு மக்காச்சோளம், மரவள்ளி, கொஞ்சம் கரும்பு என்று நல்ல வெள்ளாமை. வீட்டின் முன்பக்கம் தார்சுக் கூரை போட்டு, இரண்டு தூண் வைத்து, பச்சையும் மஞ்சளுமாகப் பெயிண்ட் அடித்து, நெற்றியில் 'லட்சுமி இல்லம்' என்று எழுதியிருந்தார். பின்பக்கம் மட்டும் அவருடைய அப்பா காலத்து மண் சுவர். மேலே நாட்டு ஓடு இருந்தவரைக்கும் இடுக்குகள் வழியாகப் புகை எப்படியோ வெளியேறிக்கொண்டிருந்தது. ஒரு மழைக்கு ஒழுகியதென்று ஓட்டைக் கழற்றிவிட்டு சிமென்ட் ஷீட் போட்டார்கள். எலி வரக்கூடாதென்று ஷீட்டுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடைவெளியையும் பூசி அடைத்தார்கள். அந்தக் குடும்பம் அந்த அடுப்படிக்குச் செய்த ஒரே மராமத்து அதுதான். அதோடு புகைக்கு வழி அற்றுப்போயிற்று. ஜன்னல் கிடையாது. கூடத்தைப் பார்த்து ஒரே ஒரு கதவு. கூடத்துக்குப் புகை வருகிறதென்று அந்தக் கதவையும் சாத்தச் சொல்வார் பூமாலை.

கேஸ் அடுப்பு இல்லாமல் இல்லை. அது ஒரு மூலையில் இருந்தது, டீ போடுவதற்கு மட்டும். "கேஸ்ல ஆக்குன சோறு வவுத்துல நிக்காது," என்பார் பூமாலை. நிலத்தில் மரவள்ளிக் குச்சியும் சோளச் சக்கையும் சும்மா கிடக்கும்போது சிலிண்டரை எதற்கு எரிப்பது என்பதுதான் உண்மையான காரணம்.

செல்வி எலவனாசூர்கோட்டையிலிருந்து பெரிய மருமகளாக வந்தவள். வந்த நாளிலிருந்து அவளும் அந்தத் தரையில் குந்தித்தான் சமைத்தாள். மாமியாரிடம் பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறாள். "ஒரு ஜன்னல் வெக்கச் சொல்லுங்க அத்தை. நீங்க கேட்டா செய்வாங்க." லட்சுமியம்மாள் ஒரே பதிலைத்தான் வைத்திருந்தாள். "இன்னாத்துக்கு வாயக் குடுத்துக்கினு. ஓடற வரைக்கும் ஓடட்டும்."

கார்த்திகை மாதம் ஒரு மழை நாளில், ஆஸ்பத்திரியில், மூச்சுக்குத் திணறித் திணறி லட்சுமியம்மாள் அடங்கிப்போனாள்.

காரியத்துக்கு உறவெல்லாம் வரும் என்று பூமாலை அவசர அவசரமாகக் கூடத்துக்கு கிரானைட் போட்டார். சென்னையில் வேலை பார்க்கும் இளைய மகன் சுபாஷ் பணம் அனுப்பினான். மூத்தவன் அன்புச்செல்வன், செல்வியின் புருஷன், இரவு பகலாகப் பக்கத்தில் நின்று வேலை வாங்கினான். கூடத்துச் சுவரில் அரைக் கதவு உயரத்துக்கு லட்சுமியம்மாளின் படத்தை மாட்டினார்கள். அவள் உயிரோடு இருந்தவரை கட்டாத பட்டுப்புடவையை ஸ்டுடியோக்காரர் கம்ப்யூட்டரில் கட்டிவிட்டிருந்தார். பின்னால் ஒரு அருவி. சுற்றிலும் சீரியல் லைட்.

அன்றைக்கு இலை போட்டுச் சாப்பிட்ட ஆண்கள் எல்லாரும் ஒரே பேச்சைத்தான் பேசினார்கள். "லட்சுமி கை ருசி இனிமே வருமா." "அதும் வெறகு அடுப்புல வெச்ச கறிக்கொழம்பு..." சாப்பாடு முடிந்ததும் பூமாலையின் தங்கச்சி, லட்சுமியம்மாள் அடுப்பு ஊதிய இரும்பு ஊதுகுழலைத் துடைத்துக் கொண்டுவந்து செல்வியின் கையில் கொடுத்தாள்.

"இனிமே இது உன்னுது பொண்ணு. அண்ணி எடத்துல நீ இருந்து பாத்துக்க."

செல்வி அதை வாங்கினாள். கூடத்தைத் தாண்டினாள், வாசலைத் தாண்டினாள், தெருவைத் தாண்டி எங்கள் வீட்டு ஓரச் சாக்கடையில் அதை வீசிவிட்டுத் திரும்பிப் போனாள். பந்தலில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள்.

மறுவாரம் மாமனாரிடமே நேரில் போய்க் கேட்டாள். "அடுப்படிக்கு ஒரு ஜன்னல் வெக்கணும் மாமா."

"தெக்குச் செவுரும்மா அது," என்றார் பூமாலை. "ஜோசியரு அப்பவே சொல்லியிருக்காரு. தெக்கால தொறப்பு வெச்சா வூட்டு ஆம்பளைக்கு ஆவாது."

"தொறப்பு வெக்காததால பொம்பளைக்கு ஆவலியே மாமா. அதுக்கு ஜோசியரு இன்னா சொன்னாரு?"

பூமாலை செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். அன்புச்செல்வன் அவளைத் தனியே கூப்பிட்டு, "வுடு செல்வி. அப்பா மனசு நல்லா இல்ல. அப்புறமா பாத்துக்கலாம்," என்றான். அவன் கெட்டவன் இல்லை. எல்லாவற்றையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிற ஆள், அவ்வளவுதான். அப்படிப்பட்டவர்களை நம்பித்தான் அநியாயம் உட்கார்ந்து சாப்பிடுகிறது.

கரும்பு வெட்டுக்கு ஆண்கள் எல்லாரும் போயிருந்த ஒரு நாள், நடுப்பகலில் அந்த வீட்டுக்குள்ளிருந்து தொம் தொம்மென்று சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். செல்வி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தெற்குச் சுவரைக் கடப்பாரையால் குத்திக்கொண்டிருந்தாள். தலையெல்லாம் செம்மண். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்த இடத்தில் மட்டும் கோடு கோடாக முகம் தெரிந்தது.

"செல்வி, செவுரு மேல வுழப்போவுது!"

"வுழட்டும்க்கா."

அவள் நிறுத்தவில்லை. பழைய மண் சுவர், உள்ளே வைக்கோல் மக்கிப் போயிருந்தது. ஒரு மாட்டின் தலை நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்ததும் கடப்பாரையைக் கீழே போட்டாள். வெயில் உள்ளே வந்தது. வந்த வெயிலில்தான் அந்த இடம் எப்படி இருக்கிறது என்று நான் முதன்முதலாகப் பார்த்தேன். சுவர் முழுக்கக் கரி அப்பிக் கிடந்தது. ஷீட்டிலிருந்து கறுப்பு ஒட்டடை சடை சடையாகத் தொங்கியது. அந்தத் தெருவில் இத்தனை வருஷம் இருந்தும் அது எனக்குத் தெரியாது. கதவு எப்போதும் சாத்தித்தான் இருக்கும்.

சாயங்காலம் பூமாலை வந்து பார்த்தார். "யாரைக் கேட்டு இடிச்ச?"

"யாரையும் கேக்கல."

"அடைச்சிடு."

"நீங்க அடைங்க. நான் மறுபடியும் இடிப்பேன்."

அவர் அன்றிரவு பரோட்டா கடையில் சாப்பிட்டார். பெரிய மருமகளுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று ஊர் முழுக்கச் சொன்னார். யாரும் அவள் கூப்பிடும் வேலைக்கு வரக்கூடாதென்று நைனார்பாளையத்துக் கொத்தனார்களிடம் சொல்லி வைத்தார். அவர்களும் வரவில்லை. மழைக்குச் சாக்கைக் கட்டி அந்த ஓட்டையை மறைத்துக்கொண்டாள் செல்வி.

அப்படித்தான் தைலம்மாள் வந்தாள். கல்வராயன் மலைக்காரி. சின்னசேலத்தில் ஒரு அறை எடுத்துத் தங்கி, கட்டட வேலை செய்துகொண்டிருந்தவள். பேர் என்னவோ சித்தாள்தான். "கலவை சொமக்கறவ கையில பூசற கரணை எதுக்குன்னு கொத்தனாருங்க புடுங்கிக்குவானுங்க," என்பாள். "அப்புறம் டீ குடிக்கப் போறேன்னு போவானுங்க. வர்றதுக்குள்ள நாந்தான் ஒரு செவுரு பூசி முடிச்சிருப்பேன். கூலி மட்டும் சித்தாள் கூலி." சத்தமாகப் பேசுவாள், சத்தமாகத் திட்டுவாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருகிறேன் என்று ஒப்புக்கொண்டாள்.

செல்விக்கு அம்மா வீட்டிலிருந்து ஓட்டி வந்த ஒரு மாடு இருந்தது. அதன் பால் காசு ஒன்றுதான் அவள் கையில் நின்றது. அதனால் எல்லாமே துண்டு துண்டாகத்தான் நடந்தது. முதலில் ஜன்னல். கள்ளக்குறிச்சியில் இடித்த வீட்டுச் சாமான் விற்கிற கடையில், கம்பிகளில் ஒன்று இல்லாத தேக்கு ஜன்னல் கிடைத்தது. இல்லாத கம்பிக்குப் பதிலாக ஒரு பைப்புத் துண்டைச் செருகினாள் தைலம்மாள். அடுத்து இருவரும் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை சுவரைச் சுரண்டினார்கள். கரி தகடு தகடாகப் பெயர்ந்து விழுந்தது. முகத்தில் துணி கட்டியிருந்தும் இரண்டு பேரும் சாயங்காலம் வரைக்கும் கறுப்பாகத் துப்பிக்கொண்டிருந்தார்கள்.

"இது எல்லாம் ஒன் மாமியா நெஞ்சுலயும் இருந்திருக்கும்," என்றாள் தைலம்மாள்.

செல்வி எழுந்து போய் விறகடுப்பை உடைத்தாள். அன்றிலிருந்து கேஸ் அடுப்பில்தான் சோறு. சிலிண்டருக்குக் காசு தரமாட்டேன் என்றார் பூமாலை. சரி என்றாள். சிலிண்டர் தீர்ந்த அன்றைக்கு யாருக்கும் சோறு இல்லை. களை எடுக்க வந்த ஆட்கள் பசியோடு வீட்டுக்குத் திரும்பினார்கள். மறுநாள் சிலிண்டர் வந்தது.

பிறகு கடப்பா கல். இரண்டு பலகை, ஒன்றுக்கு முனை உடைந்திருந்தது, அதனால் விலை கம்மி. சுவரில் பதிக்கக் கையில் காசு போதவில்லை. ஹாலோபிளாக் கற்களை அடுக்கி அதன்மேல் பலகையை உட்கார வைத்தார்கள். எவ்வளவு உயரம் என்று கேட்டபோது தைலம்மாள் செல்வியை நிற்க வைத்து, அவள் இடுப்பில் கையை வைத்து அளந்தாள். "ஒன் இடுப்புக்குத்தான் வெக்கிறேன். ஊரான் இடுப்புக்கு இல்ல."

முதல் நாள் நின்று சமைத்துவிட்டு வந்து செல்வி என்னிடம் சொன்னாள், "நின்னாலும் வலிக்கத்தான்க்கா செய்யுது. ஆனா வலி வேற எடத்துல."

பொங்கலுக்கு முன்னால் சிங்க் வந்தது. தீபாவளிக்கு முன்னால் கடையில் மிச்சப்பட்ட டைல்ஸ் வந்தது. திராட்சைக் கொத்து போட்டது கொஞ்சம், டீ கப் போட்டது கொஞ்சம், வெறும் நீலம் கொஞ்சம். ஒன்றுக்கொன்று பொருந்தாது. தைலம்மாள் தரையில் பரப்பி வைத்து மாற்றி மாற்றிப் பார்த்து, கடைசியில் பாய் பின்னியது மாதிரி ஒட்டிவிட்டாள். பெயிண்ட் மட்டும் செல்வியே அடித்தாள். அன்புச்செல்வன் கதவருகே வந்து நிற்பான், "நல்லாத்தான் இருக்குது," என்பான், போய்விடுவான்.

அந்த நாட்களில்தான் பேப்பர் கப் விஷயம் நடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூமாலை ஒரு பாக்கெட் பேப்பர் கப்பை வாங்கி வந்து செல்வியிடம் நீட்டினார்.

"மலைக்காரிக்கு டீ குடுத்தா இதுல குடு. நம்ம வூட்டு டம்ளரெல்லாம் எடுக்காத."

தைலம்மாள் அப்போது அவர் வீட்டு அடுப்படிக்குள்தான் தரை பூசிக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழாமல் இருக்க வேண்டும் என்று அவர் நினைத்ததாகவும் தெரியவில்லை. செல்வி பாக்கெட்டை வாங்கிக்கொண்டாள். சற்று நேரத்தில் கூடத்தில் பூமாலையோடு பேசிக்கொண்டிருந்த பெரிய மனிதர்கள் நாலு பேருக்கும் காபி வந்தது, பேப்பர் கப்பில்.

"இன்னாம்மா இது, வூட்ல டம்ளர் இல்லியா?" என்றார் ஒருவர்.

"மாமா வாங்கியாந்தாரு. டம்ளர் எடுக்கக் கூடாதுன்னாரு," என்றாள் செல்வி. அடுப்படியில் தைலம்மாள் எவர்சில்வர் டம்ளரில், ஆற்றி ஆற்றி, ஜன்னல் ஓரம் உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்தாள்.

இப்படியே இரண்டு தீபாவளி போயிற்று. அடுப்படி ஒரு மாதிரி முடிந்துவிட்ட நேரத்தில் சுபாஷுக்குக் கல்யாணம் அமைந்தது. பெண் கள்ளக்குறிச்சி. சந்தியா என்று பேர். சென்னையில் அவன் வேலை செய்யும் கம்பெனியிலேயே அவளும் வேலை செய்தாள். பெண் வீட்டார் வீடு பார்க்க வந்தார்கள்: பெண்ணின் அம்மா, சித்தி, மாமன். நானும் ஒத்தாசைக்குப் போயிருந்தேன். செல்வி பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தாள்.

பூமாலை அவர்களுக்குக் கிரானைட்டைக் காட்டினார். படத்தைக் காட்டினார். பிறகு அடுப்படிக் கதவை, எப்போதும் சாத்தச் சொன்ன அதே கதவை, அகலத் திறந்து வைத்துக்கொண்டு சொன்னார்.

"இது என் சம்சாரம் ஞாபகமா நானே பாத்துப் பாத்துக் கட்டுனது. வூட்டுப் பொம்பளைங்க அடுப்படியில கஷ்டப்படக் கூடாதுன்றது என்னோட கொள்கை."

பெண்ணின் அம்மா சிங்க்கைத் தொட்டுப் பார்த்தாள். பூமாலை நிறுத்தவில்லை. "இந்தப் பின்கட்டு சின்னவனுக்குத்தான். உங்க பொண்ணுக்குத்தான் இதெல்லாம். பெரியவனுக்கு முன்கட்டு. அவங்க கொல்லையில ஒரு ஷீட்டு எறக்கி ஆக்கிக்குவாங்க."

செல்விக்கு அப்படி ஒரு பாகப்பிரிவினை இருப்பதே அந்த நிமிடம்தான் தெரியும். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் அடுப்பை அணைத்தாள். ஜல்லிக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அம்மா," என்று பெண்ணின் அம்மாவைப் பார்த்துச் சொன்னாள். குரல் ஏறவில்லை. "இந்தச் செவுத்த இடிச்சது நானு. கல்லு வெச்சது, டைல்ஸு ஒட்டுனது, கல்வராயன் மலை தைலம்மா. காசு என் மாடு குடுத்துது. இவுரு குடுத்தது ஒரு பாக்கெட்டு பேப்பர் கப்பு. அதும் எதுக்குன்னு கேளுங்க."

"செல்வி!" என்றான் அன்புச்செல்வன்.

"இருங்க. என் மாமியா இங்கதான் குந்திக்கினு, கறுப்பா துப்பித் துப்பி செத்தாங்க. கதவ சாத்து, கூடத்துக்குப் பொகை வருதுன்னு இவுரு சொல்லுவாரு. அன்னிக்கு இந்தக் கொள்கை எந்த ஊருக்குப் போயிருந்துதுன்னு கேளுங்கம்மா."

பெண்ணின் அம்மா சிங்க் குழாயைத் திறந்தாள், மூடினாள். கடைசியில், "தண்ணி எப்பவும் ஏறுதா, இல்ல மோட்டார் போட்டாதானா?" என்று கேட்டாள்.

அவ்வளவுதான் அவள் கேட்டது. செல்வி பஜ்ஜிச் சட்டியை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்து எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்தாள். "அந்தம்மாவுக்கும் ஒரு அடுப்படி இருக்குந்தானக்கா?" என்று என்னைக் கேட்டாள். "அப்புறம் எப்பிடிக்கா தண்ணியப் பத்திக் கேக்கத் தோணுது?"

கல்யாணம் நின்றுவிடவில்லை. அதற்கு முன்பே இரண்டு பங்காளிகளை உட்கார வைத்து, பூமாலை பிரிவினையைப் பேசி முடித்தார். பின்கட்டும் கிணற்றடியும் சின்னவனுக்கு. முன்கட்டும் கூடமும் பெரியவனுக்கு. அவர் சின்னவன் பங்கோடு இருந்துகொள்வார். அன்புச்செல்வன் தலையை ஆட்டினான். "அடுப்படியில நீ வாங்கிப் போட்ட சாமான் ஏதாச்சும் இருந்தா எடுத்துக்க," என்று பூமாலை செல்வியிடம் பெருந்தன்மையாகச் சொன்னார். நாலு பாத்திரத்தையும் அடுப்பையும் எடுத்துக்கொண்டு போவாள் என்று நினைத்திருப்பார்.

மறுநாள் காலையில் தைலம்மாள் வந்தாள். ஞாயிற்றுக்கிழமை இல்லை. செல்வி போன் போட்டு வரவழைத்திருந்தாள். அடுப்படியை உடைத்து நொறுக்கப் போகிறாள் என்று தெருவே கூடிவிட்டது. அவள் எதையும் உடைக்கவில்லை. கூடத்தில் இருந்த சோபாவை இழுத்துப் பின்கட்டில் போட்டாள். டீப்பாயைப் போட்டாள். பிறகு ஹாலோபிளாக் கற்களை ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து கூடத்தில், தெரு ஜன்னலுக்கு நேராக, கிரானைட் தரை மேல் அடுக்க ஆரம்பித்தாள்.

பூமாலை ஓடி வந்தார். "இன்னா பண்ற?"

"அடுப்படி கட்டறேன்."

"கூடத்துலயா? கொழுப்பா ஒனக்கு?"

"முன்கட்டு எங்களுதுன்னு நீங்கதான மாமா பிரிச்சீங்க. எங்க பங்குல நாங்க எங்க வேணா ஆக்குவோம்."

பூமாலை பங்காளிகளைக் கூப்பிட்டார். அவர்கள் வந்து நின்றார்கள். அவர் சொன்ன பிரிவினைதான், அவர்கள் கேட்ட பிரிவினைதான். ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். இன்னொருவர், "அது அவங்க எடம் அண்ணே, நாம இன்னா சொல்றது," என்று நகர்ந்துவிட்டார்.

கடப்பா பலகை கனம். செல்வியும் தைலம்மாளும் ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து அடுப்படி வாசல் வரைக்கும் கொண்டுவந்தார்கள். அதற்கு மேல் தைலம்மாளின் பிடி வழுக்கியது. அப்போதுதான் அன்புச்செல்வன் வந்து அந்த முனையைப் பிடித்தான். அவன் அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். அவன் அவரைப் பார்க்கவில்லை.

செல்வி அவனை நேராகப் பார்த்தாள். "இப்ப வந்து தூக்கறியா நீ?" என்றாள். எல்லார் முன்னாலும் அவனை நீ என்று சொன்னது அதுதான் முதல் தடவை. "ஒங்கம்மா இருக்கும்போது தூக்கியிருக்கணும்யா இத."

அவன் பலகையை விடவில்லை. இரண்டு பேருமாகக் கொண்டுபோய் வைத்தார்கள். அதற்காக அவள் அவனை மன்னித்துவிட்டாள் என்று யாரும் நினைக்க வேண்டாம். அதன்பிறகு மூன்று மாதம் அவனோடு தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

சிங்க்கையும் கழற்றி வந்து பதித்து, அதன் தண்ணீர் தெருச் சாக்கடைக்குப் போகும்படி தைலம்மாள் பைப் போட்டாள். சுவரில் இருந்த படத்தைக் கழற்றச் சொல்லிப் பூமாலை கெஞ்சினார். "எண்ணெ படும்மா, பொகை படும்."

"இது கேஸு. பொகை வராது. பொகை பட வேண்டியதெல்லாம் அவங்களுக்கு எப்பவோ பட்டாச்சு. இங்கியே இருக்கட்டும்."

அன்று மத்தியானம் கூடத்தில் மிளகாய் தாளித்தபோது தெருவில் போன சைக்கிள்காரர் தும்மினார். வாசல் கதவும் இரண்டு ஜன்னலும் திறந்தே கிடந்தன. ரோட்டில் போகிறவன் எல்லாம் சமையலைப் பார்க்கிறான் என்றார் பூமாலை. பார்க்கட்டும் என்றாள் செல்வி.

கல்யாணம் முடிந்து சுபாஷும் சந்தியாவும் சென்னைக்குப் போய்விட்டார்கள். பின்கட்டுக்குப் பூட்டு. டைல்ஸும் ஜன்னலும் உள்ளே சும்மா கிடந்தன. பிரிவினைப்படி சின்னவன் பங்கில் சாப்பிட வேண்டிய பூமாலைக்கு அங்கே ஆக்கிப் போட ஆள் இல்லை. கொஞ்ச நாள் ஓட்டலில் சாப்பிட்டார். வயிறு கெட்டது. ஒரு நாள் மத்தியானம் ஒன்றும் பேசாமல் வந்து கூடத்தில் உட்கார்ந்தார். செல்வி சோறு போட்டாள். சாப்பிட்டு முடித்துக் கையை உதறிக்கொண்டு எழுந்தபோது, "தட்டு," என்றாள்.

"இன்னா?"

"இந்தக் கூடத்துல சாப்புடறவங்க தட்டை அவங்கதான் கழுவணும். சிங்க் அங்க இருக்குது."

அவர் நின்றார். தெருக்கதவு திறந்திருந்தது. நான் வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அவர் என்னையும் பார்த்தார். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினார். சோப்பு எது, நார் எது என்று தெரியாமல் வெறும் கையால் தேய்த்தார். அன்றிலிருந்து தினமும் கழுவுகிறார்.

அதைப் பார்த்தால் செல்விக்கு ஆறுதலாக இருக்கும் என்று நான் நினைத்தேன். கேட்டும் விட்டேன். அவள் என்னை முறைத்தாள்.

"அவுரு தட்டு கழுவறதப் பாத்தா எனக்கு ஆத்திரந்தான்க்கா ஜாஸ்தியாவுது. கை நல்லாத்தான இருக்குது. இத்தினி வருசமா இருந்த கைதான இது? அத்தை இருமிக்கினே பாத்திரம் தேச்சிக்கினு இருந்தப்ப இந்தக் கை எங்க போயிருந்துது?"

பொங்கலுக்கு வந்த சந்தியா ஒரு நாள் பின்கட்டைத் திறந்து பார்த்துவிட்டு, நேராகக் கூடத்துக்கு வந்தாள். நல்ல பெண். யாரோ எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார்கள். "அக்கா, அந்த ரூம நீங்களே வெச்சிக்கோங்க. எனக்கு எதுக்கு? நான் வர்றதே வருஷத்துக்கு ரெண்டு நாள்," என்று சாவியை நீட்டினாள்.

"வேணாம் சந்தியா," என்றாள் செல்வி. "அங்க போனா கதவ சாத்தச் சொல்லுவாங்க."

சந்தியா வெங்காயத்தை எடுத்து உரிக்க உட்கார்ந்தாள்.

தைலம்மாளுக்கு இப்போது எங்கள் தெருவில் ஞாயிற்றுக்கிழமை போதவில்லை. முதலில் மூலை வீட்டில் கூப்பிட்டார்கள், ஒரு ஜன்னல் வைக்க. பிறகு என் வீட்டில். கொத்தனார் கூலி கொடுத்தால்தான் வருவேன் என்று கறாராகச் சொல்லிவிட்டாள். கொடுக்கிறோம். டீக்கடைப் பெஞ்சில் ஆண்கள் முணுமுணுக்கிறார்கள், ஒரு வீட்டுக் கோபம் ஊரைக் கெடுக்கிறது என்று. முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்கு வந்து சாப்பிடுகிறார்கள்.

செல்வி அமைதியாகிவிடவில்லை. கிணற்றடி சின்னவன் பங்குக்குப் போய்விட்டதால், முன்கட்டில் கதவு போட்ட ஒரு குளியலறை வேண்டும் என்று இப்போது கேட்டுக்கொண்டிருக்கிறாள். அன்புச்செல்வன் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறான். நேற்றுக் காலை அவள் போட்ட சத்தத்தில்தான் எங்கள் தெரு எழுந்தது.